கணையத்தில் இருக்கும் கட்டி எங்கிருந்து வந்தது? பரவிய புற்றுநோயைக் கண்டறியும் விதம்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கணையத்தில் கட்டி" என்று ஒரு வரி வந்துவிட்டால், வீட்டில் எல்லோரும் அதைக் கணையப் புற்றுநோய் என்றே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். யாராவது ஒருவர் உடனே இணையத்தில் தேடுவார். அந்த நோயில் பிழைப்பவர்கள் எவ்வளவு குறைவு என்று படித்துவிட்டு, அதை வீட்டில் சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் தவிப்பார். ஆனால் அந்த நோயாளிக்குப் பல வருடங்களுக்கு முன்பு சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சை நடந்து, குணமாகி, எல்லோரும் அதை மறந்தே போயிருக்கலாம். அப்படியென்றால் இப்போது கணையத்தில் தெரிவது வேறொரு நோயாக இருக்க வாய்ப்புண்டு. அவர் இணையத்தில் படித்த கணக்கு இவருக்குப் பொருந்தாமலே போகலாம்.

கணையத்திலேயே தோன்றிய புற்று, வேறு உறுப்பில் தோன்றிக் கணையத்துக்கு வந்து சேர்ந்த புற்று என்று இரண்டு இருக்கின்றன. பேச்சில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. போதாததற்கு, "கணையத்திலிருந்து கல்லீரலுக்குப் பரவிவிட்டது" என்பதும் "சிறுநீரகத்திலிருந்து கணையத்துக்குப் பரவியிருக்கிறது" என்பதும் கேட்பவர் காதில் ஒரே செய்தியாக விழுகின்றன. மருத்துவத்தில் இவை வெவ்வேறு நோய்கள், வெவ்வேறு சிகிச்சைகள். எது எது என்று எப்படிப் பிரித்து அறிகிறார்கள் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பனைமேல் முளைத்த ஆல்

பனைமரத்தின் உச்சியில் ஆலங்கன்று முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கோ ஆலம்பழம் தின்ற பறவை, பனையின் மட்டை இடுக்கில் எச்சத்தோடு விதையைப் போட்டுவிட்டுப் போயிருக்கும். கன்று நிற்பது பனையில்தான். ஆனால் இலையைப் பறித்தால் ஆலம்பால்தான் வடியும், விழுதும் ஆலுக்குரியதுதான். அதைப் பார்த்து யாரும் பனைக்கன்று என்று சொல்வதில்லை.

பரவிய புற்றுநோயும் இப்படித்தான். புற்று முதலில் தோன்றிய இடத்தில் இருப்பது முதன்மைக் கட்டி. அதிலிருந்து பிரிந்த செல்கள் இன்னோர் உறுப்பில் போய் வளர்ந்தால் அது இரண்டாம்நிலைக் கட்டி. மருத்துவர்கள் இதை மெட்டாஸ்டாசிஸ் என்பார்கள், மருத்துவமனைப் பேச்சில் "மெட்ஸ்" என்று சுருக்கியும் சொல்வார்கள். சிறுநீரகப் புற்றின் செல்கள் கணையத்தில் வளர்ந்தாலும் அவை சிறுநீரகப் புற்றுச் செல்களாகவே இருக்கும். சிறுநீரகப் புற்றுக்குரிய மருந்துகளுக்குத்தான் கட்டுப்படும். அதனால்தான் அதைக் கணையத்துக்குப் பரவிய சிறுநீரகப் புற்றுநோய் என்று எழுதுகிறார்கள்.

விதை மட்டும் இருந்தால் போதாது, மண்ணும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கருத்தை 1889-லேயே முன்வைத்தவர் ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, புற்று எல்லா உறுப்புகளுக்கும் ஒரே அளவில் பரவவில்லை, சில உறுப்புகளையே அதிகம் நாடுகிறது என்று அவர் கண்டார். இன்றைய ஆராய்ச்சியும் அந்தக் கருத்தின்மேல்தான் நிற்கிறது.

பயணம் எப்படி நடக்கிறது

முதன்மைக் கட்டியிலிருந்து சில செல்கள் விடுபட்டு, பக்கத்திலுள்ள ரத்தக் குழாய்க்குள்ளோ நிணநீர்க் குழாய்க்குள்ளோ நுழைகின்றன. உடலின் திசுக்களிலிருந்து கசியும் நீரைத் திரும்ப எடுத்துச் செல்லும் மெல்லிய குழாய்தான் நிணநீர்க் குழாய். உள்ளே நுழைந்த செல்களில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும். ரத்த ஓட்டத்தின் வேகம் சிலவற்றைச் சிதைக்கும், நோய் எதிர்ப்புச் செல்கள் சிலவற்றை அழிக்கும். மிஞ்சும் ஒரு சிலதான் வேறோர் உறுப்பின் நுண்ணிய குழாயிலிருந்து வெளியேறி அங்கே தங்குகின்றன.

தங்கியவை உடனே வளர வேண்டும் என்பதில்லை. வருடக்கணக்கில் பெருகாமல் அப்படியே கிடக்கவும் முடியும். கணையத்துக்குப் பரவும் சிறுநீரகப் புற்றில் இது அதிகம் நடக்கிறது. சிறுநீரகத்தை அகற்றிப் பத்து வருடம் கழித்துக் கணையத்தில் கட்டி தெரிவது மருத்துவர்களுக்குப் பழக்கமான ஒன்று. இருபது வருடம் கழித்து வந்ததும் உண்டு.

பக்கத்து உறுப்பிலிருந்து நேராக ஊடுருவுவது வேறு. இரைப்பையிலோ பெருங்குடலிலோ வளர்ந்த கட்டி, தன் சுவரைத் தாண்டி ஒட்டியிருக்கும் கணையத்துக்குள் நுழையலாம். அது பரவல் என்ற கணக்கில் வராது. ஸ்கேனைப் படிப்பவர் இந்த வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

எந்தெந்தப் புற்றுகள் கணையத்துக்கு வருகின்றன

கணையத்தில் காணப்படும் புற்றுக் கட்டிகளில் வேறிடத்திலிருந்து வந்தவை 100-க்கு 2 முதல் 5 வரைதான். மீதியெல்லாம் கணையத்திலேயே தோன்றியவை. ஆகவே ஏற்கெனவே புற்றுநோய் வராத ஒருவருக்குக் கணையத்தில் கட்டி என்றால், பரவியதாக இருக்கும் வாய்ப்பு குறைவு. முன்பு புற்றுநோய் வந்தவர் என்றால் கணக்கே மாறிவிடும்.

வேறெங்கும் இல்லாமல் கணையத்தில் மட்டும் பரவல் தெரியும்போது, முதலில் சந்தேகிக்கப்படுவது சிறுநீரகப் புற்று. அதிலும் தெளிசெல் வகை என்று ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் அதன் செல்கள் உள்ளே காலியாக இருப்பதுபோலத் தெரிவதால் வந்த பெயர் அது. நுரையீரல், மார்பகம், பெருங்குடல் புற்றுகளும் மெலனோமா என்னும் தோல் புற்றும் கணையத்துக்கு வருவதுண்டு. இவை வரும்போது பெரும்பாலும் கல்லீரல், எலும்பு, மூளை என்று மற்ற இடங்களிலும் பரவியிருக்கும். நிணநீர்ச் செல்களின் புற்றான லிம்போமாவும் கணையத்தைத் தொடலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பரவிய புற்று எந்த உறுப்பில் வளர்ந்தாலும் தோன்றிய இடத்தின் குணத்தையே வைத்திருக்கும். அது கணையத்துக்கு வருவது அரிது. வந்தால் சிறுநீரகத்தை முதலில் நினைக்க வேண்டும், எத்தனை வருடம் கடந்திருந்தாலும்.

அறிகுறிகள் அதிகம் உதவுவதில்லை

கணையம் வயிற்றின் ஆழத்தில், இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். வலப்பக்கத் தலைப்பகுதியைச் சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடல் அணைத்துக்கொண்டிருக்கிறது. இடப்பக்க வால்பகுதி மண்ணீரலைத் தொடும் தூரத்தில் இருக்கிறது. செரிமான நீரையும் இன்சுலினையும் சுரப்பது இதன் வேலை. இவ்வளவு ஆழத்தில் இருப்பதால் கையால் அழுத்திப் பார்த்துக் கட்டியை அறிவது மிகக் கடினம். சாதாரண அல்ட்ராசவுண்டிலும் குடலில் இருக்கும் வாயு மறைத்துவிடும்.

கணையத்துக்குப் பரவிய புற்று உள்ளவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. பழைய நோய்க்கான தொடர் பரிசோதனையிலோ, வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனிலோ தற்செயலாகத் தெரியவரும். கட்டி தலைப்பகுதியில் வளர்ந்து பித்தக் குழாயை நெருக்கினால் மஞ்சள் காமாலை வரும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கருக்கும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். சிலருக்கு மேல்வயிற்று வலி, எடை குறைவு, அபூர்வமாகக் குடலுக்குள் ரத்தக் கசிவு. ஆனால் இவை எல்லாமே கணையத்தில் தோன்றிய புற்றிலும் வரும். அறிகுறியை வைத்து "இது அது" என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்கேனுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

சிடி ஸ்கேன்: நேரம்தான் எல்லாம்

சிடி ஸ்கேன் எடுக்கும்போது கை நரம்பில் அயோடின் கலந்த ஒரு மருந்தைச் செலுத்துவார்கள். அதற்குக் கான்ட்ராஸ்ட் என்று பெயர். ரத்தத்தோடு கலந்து போகும் இந்த மருந்து, ரத்தம் அதிகம் பாயும் இடத்தைப் படத்தில் வெண்மையாகக் காட்டும். குறைவாகப் பாயும் இடம் கறுத்துத் தெரியும். மருந்து ஏறிய சுமார் 40 விநாடியில் ஒரு படம் எடுப்பார்கள். அப்போது மருந்து தமனிகளின் வழியே கணையத்தை நிறைத்திருக்கும். சுமார் 70 விநாடியில் இன்னொரு படம். அப்போது மருந்து சிரைகளுக்கு வந்துவிட்டிருக்கும், கல்லீரல் நன்றாகத் தெரியும்.

இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் வித்தியாசம் வெளிப்படுகிறது. சிறுநீரகத்திலிருந்து வந்த கட்டி முதல் படத்தில் பளீரென்று வெண்மையாகத் தெரியும். இரண்டாவது படத்தில் சுற்றியுள்ள கணையத்தோடு கலந்து மங்கிவிடக்கூடும். கணையத்திலேயே தோன்றும் வழக்கமான புற்று இதற்கு நேர்மாறு, முதல் படத்திலேயே கறுத்துத் தெரியும்.

இது ஏன் இப்படி என்பதை விளக்கும் அறிவியல் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. நம் செல்களுக்குள் ஹிஃப் என்று ஒரு புரதம் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் இது சேர்ந்துகொண்டே போய், "புதிய ரத்தக் குழாய்களை உண்டாக்கு" என்ற கட்டளையைப் பிறப்பிக்கும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால், விஎச்எல் என்ற இன்னொரு புரதம் ஹிஃபைப் பிடித்து அழித்துவிடும். தெளிசெல் சிறுநீரகப் புற்றில் பெரும்பாலும் இந்த விஎச்எல் மரபணுவே பழுதாகியிருக்கும். அழிக்க ஆள் இல்லாததால் ஹிஃப் குவிகிறது. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் அந்தச் செல் மூச்சுத்திணறுவதுபோல நடந்துகொண்டு, ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொண்டே இருக்கிறது. கணையத்துக்குக் குடிபோன பிறகும் அந்தப் பழக்கம் அதை விடுவதில்லை. படத்தில் வெண்மையாகத் தெரிவது அந்தக் குழாய்களில் ஓடும் ரத்தம்தான். செல்கள் ஆக்சிஜனை எப்படி உணர்கின்றன என்ற இந்தக் கண்டுபிடிப்புக்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கணையத்தில் தோன்றும் வழக்கமான புற்று, செரிமான நீரைக் கொண்டுசெல்லும் கணையக் குழாயின் உள்வரிச் செல்களிலிருந்து உருவாகிறது. அது தன்னைச் சுற்றித் தடித்த நார்த்திசுவைக் கட்டிக்கொள்ளும். அதனுள் ரத்தக் குழாய்கள் குறைவு, அதனால் படத்தில் கறுப்பு. குழாயிலேயே பிறந்தது என்பதால் குழாயை அடைத்தும்விடும். அடைப்புக்குப் பின்னால் குழாய் வீங்கும், அந்தப் பக்கத்துக் கணையம் சுருங்கும். வேறிடத்திலிருந்து வந்த கட்டி கணையத் திசுவுக்குள் வளர்வதால் பெரும்பாலும் குழாயை அடைக்காமல் ஒதுக்கித் தள்ளும். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் தெரிந்தால் பரவல் என்ற சந்தேகம் வலுக்கும். ஆனால் பரவிய புற்று ஒரே ஒரு கட்டியாக வருவதும் சகஜம்தான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நுரையீரல், பெருங்குடல், மார்பகத்திலிருந்து வந்த கட்டிகளும் படத்தில் பெரும்பாலும் கறுத்தே தெரியும், கணையப் புற்றைப் போலவே. அந்தப் பக்கம், வெண்மையாகத் தெரிவதெல்லாம் சிறுநீரகத்திலிருந்து வந்தது என்றும் சொல்ல முடியாது. கணையத்தில் ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று ஒன்று உண்டு. அதுவும் இதே போல வெண்மையாகத்தான் தெரியும். படம் வழி காட்டும், முடிவு சொல்வது வேறு பரிசோதனை.

இதில் நோயாளிகள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முதல் கட்டப் படம் எடுக்காமல், சிரைக் கட்டத்தில் மட்டும் எடுக்கும் சாதாரண வயிற்று சிடியில் சிறிய சிறுநீரகப் பரவல் கண்ணில் படாமல் தப்பிவிடக்கூடும். "எனக்குச் சிறுநீரகப் புற்று இருந்தது" என்று முன்கூட்டியே சொன்னால்தான் ஸ்கேன் மையத்தில் அதற்கேற்ற முறையில் எடுப்பார்கள். அப்புறம், ஒரு சிறுநீரகத்தோடு வாழ்பவருக்குக் கான்ட்ராஸ்ட் கொடுக்கும் முன் கிரியாட்டினின் பார்ப்பார்கள். சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுப்பார்கள். மெலனோமா பரவலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி எம்ஆர்ஐயில் தனித்துத் தெரியக்கூடும் என்பது கூடுதல் வசதி.

சுருக்கமாக: முதல் கட்டப் படத்தில் வெண்மை என்றால் சிறுநீரகப் பரவல் அல்லது நியூரோஎண்டோகிரைன் கட்டி. கறுப்பு என்றால் கணையப் புற்று அல்லது மற்ற உறுப்புகளிலிருந்து வந்த பரவல். இரண்டு பக்கமும் இன்னும் பிரிக்க வேண்டியிருக்கிறது.

பெட் ஸ்கேனும் சிஏ 19-9-உம்

பெட் ஸ்கேனில், சர்க்கரையைப் போன்ற ஒரு பொருளில் சிறிதளவு கதிரியக்கம் சேர்த்து உடலில் செலுத்துவார்கள். சர்க்கரையை அதிகம் தின்னும் செல்கள் ஒளிரும். வேறெங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று ஒரே தடவையில் பார்க்க இது நல்ல வழி. ஆனால் தெளிசெல் சிறுநீரகப் புற்று பல நேரங்களில் சரியாக ஒளிராது. வீக்கமோ தொற்றோ இருந்தால் புற்று இல்லாத இடமும் ஒளிரும். "பெட்டில் ஒன்றும் இல்லை" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

சிஏ 19-9 என்ற ரத்தப் பரிசோதனையைப் பற்றி இதைவிடப் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. அது கூடினால் கணையப் புற்று, சரியாக இருந்தால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். பித்தக் குழாயில் கல் அடைத்தாலே இந்த அளவு ஏறிவிடும். அதே நேரத்தில், 100 பேரில் 5 முதல் 10 பேர் வரை பிறவியிலேயே இந்தப் பொருளைச் சுரக்க முடியாதவர்கள். அவர்களுக்குக் கணையப் புற்று முற்றியிருந்தாலும் அளவு ஏறாது. ஏற்கெனவே உறுதியான கணையப் புற்றில் சிகிச்சை பலன் தருகிறதா என்று தொடர்ந்து பார்க்க இது உதவும். கட்டி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க இதை நம்ப முடியாது.

ஊசி எப்படிப் போகிறது

செல்களை எடுத்துப் பார்ப்பதற்குப் பயாப்சி என்று பெயர். கணையத்துக்கு இன்று அதிகம் பயன்படும் வழி எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட், சுருக்கமாக இயுஎஸ். நுனியில் கேமராவும் சிறிய அல்ட்ராசவுண்ட் கருவியும் பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியாக இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் கொண்டுபோவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எட்டாத ஆழத்தில் இருக்கும் கணையம், இரைப்பையின் உள்ளிருந்து பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம்தான். வாயுவும் கொழுப்பும் குறுக்கே வராது. சில மில்லிமீட்டர் கட்டிகூடத் தெரியும். அங்கிருந்தே சுவரைத் துளைத்து மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, திசுவை எடுத்துக்கொள்வார்கள். 1990-களில் இந்த முறை வந்த பிறகுதான் கணையக் கட்டியைத் திறந்து பார்க்காமலே அடையாளம் காண்பது எளிதாயிற்று.

நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள், வலி தெரியாது. வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். சிறுநீரகத்திலிருந்து வந்த கட்டியில் ரத்தக் குழாய்கள் அதிகம் என்பதால் இது இன்னும் முக்கியம். ரத்தக் கசிவோ கணைய அழற்சியோ வரும் வாய்ப்பு உண்டு, ஆனால் அது குறைவு.

"ஊசி போட்டால் புற்று பரவிவிடும்" என்று பயந்து பயாப்சியைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் ஏராளம். ஊசி சென்ற வழியில் புற்று முளைத்ததாகப் பதிவுகள் இருக்கின்றன, ஆனால் மிகமிக அரிது. கட்டி எது என்று தெரியாமல் தவறான சிகிச்சையைத் தொடங்குவதில் இருக்கும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரியது. இந்தப் பயத்தில் வாரங்களை இழக்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு விதிவிலக்கும் உண்டு. சிறுநீரகப் புற்று இருந்தது உறுதி, படமும் அதற்கு ஒத்துப்போகிறது, எப்படியும் கட்டியை அறுத்து எடுக்கத்தான் போகிறார்கள் என்ற நிலையில், சில மருத்துவக் குழுக்கள் பயாப்சி இல்லாமலே அறுவை சிகிச்சைக்குப் போவார்கள். அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், ஸ்கேன் படிப்பவர், திசுவை ஆராய்பவர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது.

நுண்ணோக்கியின் கீழே

எடுத்த திசு பேதாலஜிஸ்ட்டிடம் போகும். திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர் அவர். நோயாளி அவரைச் சந்திப்பதே இல்லை என்றாலும், கேள்விக்குப் பதில் அவரிடமிருந்துதான் வருகிறது.

சில செல்கள் பார்த்தவுடனே காட்டிக்கொடுத்துவிடும். தெளிசெல் சிறுநீரகப் புற்றின் செல்களில் கொழுப்பும், சேமித்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனும் நிறைந்திருக்கும். ஸ்லைடு தயாரிக்கும்போது இவை கரைந்து வெளியேறிவிடுவதால் செல்லின் உள்ளே வெறுமையாகத் தெரியும். மெலனோமாவில் கரும்பழுப்பு நிறமி தென்படலாம். ஆனால் சுரப்பித் திசுவில் தோன்றும் புற்றுகள், அதாவது அடினோகார்சினோமாக்கள், ஒன்றைப்போல ஒன்று இருக்கும். நுரையீரலிலிருந்து வந்ததா, இரைப்பையிலிருந்து வந்ததா, கணையத்திலேயே தோன்றியதா என்று வடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்வது அனுபவசாலிக்கும் கடினம்.

அங்கேதான் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி வருகிறது. மருத்துவமனையில் ஐஎச்சி என்பார்கள். ஒவ்வோர் உறுப்பின் செல்லும் தனக்குரிய சில புரதங்களை உண்டாக்குகிறது. புற்றாக மாறிய பிறகும் பெரும்பாலும் அவற்றை விடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் திசுவின்மேல் விட்டு, அது ஒட்டிய இடத்தில் நிறம் வரும்படி செய்வார்கள். புரதம் இருந்தால் பழுப்பு நிறம் ஏறும், இல்லையென்றால் ஏறாது. ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்துத் திசுவில் தேடலாம் என்று 1940-களின் தொடக்கத்தில் காட்டியவர் ஆல்பர்ட் கூன்ஸ். இன்றைய ஐஎச்சி அதன் வழிவந்தது.

ரிப்போர்ட்டில் புரியாத எழுத்துகளாகத் தெரிபவை இந்தப் புரதங்களின் பெயர்கள்தான். பாக்ஸ்8 நிறம் ஏறினால் சிறுநீரகம், தைராய்டு, கருப்பை, முட்டைப்பை பக்கம் சந்தேகம் போகும். டிடிஎஃப்-1 நுரையீரலையும் தைராய்டையும் காட்டும். காட்டா3 மார்பகத்தையும் சிறுநீர்ப்பையையும் காட்டும். சிடிஎக்ஸ்2-உம் சிகே20-உம் சேர்ந்து வந்தால் பெருங்குடல். சாக்ஸ்10, மெலன்-ஏ வந்தால் மெலனோமா. சினாப்டோஃபைசினும் குரோமோகிரானினும் நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு. சிடி45 வந்தால் லிம்போமா பக்கம் பார்க்க வேண்டும்.

எந்த ஒரு புரதமும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. பாக்ஸ்8 சில கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிகளிலும் நிறம் காட்டும். அதனால்தான் நான்கைந்து புரதங்களைச் சேர்த்துப் பார்த்து, எது வந்தது, எது வரவில்லை என்ற இரண்டையும் வைத்து முடிவுக்கு வருகிறார்கள். பாக்ஸ்8 இருக்கிறது, சினாப்டோஃபைசினும் குரோமோகிரானினும் இல்லை, செல்கள் வெறுமையாகத் தெரிகின்றன, நோயாளிக்குச் சிறுநீரகப் புற்று இருந்தது என்று நான்கும் சேரும்போது ஐயம் தீர்ந்துவிடும். பழைய அறுவை சிகிச்சையின் ஸ்லைடும் கையில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அதற்கு ஈடான சான்று வேறில்லை.

புற்றே இல்லாமலும் இருக்கலாம்

புற்றுநோய் வந்து குணமானவரின் கணையத்தில் எது தெரிந்தாலும் அது பரவல் என்று முடிவுகட்டுவதும் தவறுதான். சிலருக்குப் பிறவியிலேயே மண்ணீரலின் சிறு துண்டு ஒன்று கணையத்தின் வால்பகுதிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். எந்தத் தீங்கும் செய்யாத இந்தத் துணை மண்ணீரல், ஸ்கேனில் ரத்தம் நிறைந்த கட்டியைப் போலவே வெண்மையாகத் தெரியும். சூடுபடுத்திய சிவப்பணுக்களில் கதிரியக்கப் பொருளைச் சேர்த்துச் செலுத்தினால் மண்ணீரல் திசு மட்டும் அவற்றை இழுத்துக்கொள்ளும். அந்த ஸ்கேனால் இதை உறுதிசெய்துவிடலாம். உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் கணைய அழற்சியும் கட்டிபோல வீங்கி ஏமாற்றும். அது ஸ்டீராய்டு மருந்துக்கே கரைந்துவிடும். பழைய புற்றுக்குச் சம்பந்தமே இல்லாமல் கணையத்தில் புதிதாக ஒரு புற்று தோன்றியிருக்கவும் கூடும்.

பிரித்து அறிவதால் என்ன மாறும்

எல்லாமே மாறும். கணையத்தில் மட்டும் பரவிய சிறுநீரகப் புற்று பெரும்பாலும் மெதுவாக வளரும். கட்டிகளை அறுத்து எடுத்தவர்களில் பலர் ஐந்து வருடங்களைத் தாண்டி வாழ்கிறார்கள். அறுவைக்கு வழியில்லை என்றால், புதிய ரத்தக் குழாய்கள் வருவதைத் தடுக்கும் சூனிடினிப் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. நாம் மேலே பார்த்த ஹிஃப் கட்டளையின் அடுத்த படியைத்தான் இவை முடக்குகின்றன. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசிகளும் உண்டு. கணையத்தில் தோன்றிய புற்றுக்குக் கொடுக்கும் கீமோதெரபி இங்கே பயன்படாது.

லிம்போமா என்றால் கணையத்தை அறுக்கவே தேவையில்லை, மருந்திலேயே கரையும். மார்பகத்திலிருந்து வந்தது என்றால் ஹார்மோன் ஏற்பிகளை மறுபடியும் சோதிக்க வேண்டும். ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் இந்தப் புரதங்கள் முதல் கட்டியில் இருந்ததுபோலவே பரவிய கட்டியிலும் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அந்த முடிவை வைத்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

"பரவிவிட்டது, அப்படியென்றால் நான்காம் நிலை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று பலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். நான்காம் நிலை என்பது நோய் தொலைவிலுள்ள உறுப்பை எட்டிவிட்டது என்பதற்கான குறி. எந்தப் புற்று, எங்கே, எத்தனை கட்டி என்பதைப் பொறுத்து அதற்குள்ளேயே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது

பழைய புற்றுநோயை மறைக்காமல், மறக்காமல் சொல்லுங்கள். "அது எப்பவோ சரியாகிவிட்டதே" என்று விட்டுவிடுவதுதான் இந்த நோயைக் கண்டறிவதில் அதிகம் குறுக்கே நிற்பது. எந்த வருடம், எந்த உறுப்பு, என்ன அறுவை என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனால் போதும். ஸ்கேன்களின் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கொண்டுபோங்கள். பழைய படத்தில் அதே இடத்தில் ஏதாவது இருந்ததா, எந்த வேகத்தில் வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு அது தேவை.

பயாப்சி முடிவு "புற்றுச் செல்கள் காணப்படவில்லை" என்று வந்தால், ஊசி சரியான இடத்தில் போதுமான திசுவை எடுத்ததா என்று கேளுங்கள். ஸ்கேனில் கட்டி தெளிவாக இருக்கும்போது இப்படி ஒரு முடிவு வந்தால், மருத்துவர்கள் இன்னொரு தடவை எடுக்கச் சொல்வது வழக்கம்தான். அதில் பதற்றப்பட எதுவும் இல்லை.

கடைசியாக, பழைய அறுவையின்போது எடுத்த திசுவை மெழுகில் பதித்துச் சிறு துண்டுகளாக வைத்திருப்பார்கள். பிளாக் என்று பெயர். சரியாக வைத்திருந்தால் பல வருடம் கழித்தும் அதிலிருந்து புதிதாக ஸ்லைடு வெட்டி, அன்று இல்லாத ஐஎச்சி பரிசோதனைகளைக்கூட இன்று செய்துவிட முடியும். அறுவை நடந்த மருத்துவமனையின் பேதாலஜி பிரிவில் பழைய ரிப்போர்ட்டிலுள்ள எண்ணைச் சொல்லி, பிளாக் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய பயாப்சிக்கு நாள் குறிக்கும்போதே இதைத் தொடங்கிவிட்டால், இரண்டு திசுவும் பேதாலஜிஸ்ட்டின் மேசைக்கு ஒன்றாகப் போய்ச் சேரும்.